ஆகஸ்ட் விடுமுறையில் மலையகம்: சின்னப் பிள்ளையும் பெரியவர்களும் இருந்தால் எந்தப் பக்கம், எந்தப் பாதை?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

வணக்கம் உறவுகளே. ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் 4 பகல், 3 இரவு கிடைக்கிறது. மொத்தம் 8 பேர். இருவர் எழுபது தாண்டியவர்கள். ஒருவருக்கு முழங்கால் வருத்தம், மற்றவருக்கு ஆஸ்துமா. பிள்ளைகள் 14, 9, 3 வயது. கனடாவிலிருந்து வரும் மச்சான் ஒருவரும் சேருகிறார். சாரதியோடு ஹயர் வேன், கே.டி.எச். (டொயோட்டா ஹையேஸ்), ஓட்டோ கியர்.

திட்டம் இப்படி: முதல் நாள் செங்கலடி, பதுளை வழியாக நுவரெலியா. இரண்டாம் நாள் ஹோர்ட்டன் சமவெளி. மூன்றாம் நாள் கண்டி. நாலாம் நாள் எல்ல பார்த்துவிட்டு வெல்லவாய வழியாக வீடு. இடையில் ஒருக்கா கோச்சியிலும் (ரயில்) ஏற வேணும் என்று பிள்ளைகள் நிற்கிறார்கள். இது சரிவருமா?

ஊவாக்காற்று (பண்டாரவளை)

சரிவராது. நாலு நாளில் பெரும்பகுதியை வேனுக்குள்ளேயே இருந்து கழிப்பீர்கள். மலையில் கிலோமீற்றரைப் பார்த்து நேரம் போடக் கூடாது. பிள்ளைகளோடு மணிக்கு 25 கிலோமீற்றர் என்று போடுங்கள், அதுதான் நடக்கும். நுவரெலியாவிலிருந்து கண்டிக்குப் போய், கண்டியிலிருந்து திரும்ப எல்லவுக்கு ஏறுவது ஒரு முழுப் பகலை விழுங்கிவிடும். அதோடு ஆகஸ்டில் கண்டிப் பெரஹெரா வந்தால் அறை விலையும் வீதி மூடலும் தனிப் பிரச்சினை.

அதைவிட முக்கியம் மழை. மலையகம் முழுவதும் ஒரே காலநிலை என்று நினைத்துத்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அது மேற்குச் சரிவில் முட்டி மழையைக் கொட்டிவிடும்: ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் அந்தப் பக்கம். முகட்டைத் தாண்டி ஊவாவுக்கு (பதுளை, பண்டாரவளைப் பக்கம்) இறங்கும்போது காற்றில் ஈரம் தீர்ந்துவிடும். பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையில்தான் ரயில் பாதையின் உச்சி, 1,898 மீற்றர். அங்குள்ள சுரங்கத்தின் இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில் என்பது ஆகஸ்டில் சாதாரணமாய்ப் பார்க்கக்கூடிய காட்சி. டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று, அப்போது நனைவது பதுளை, பண்டாரவளை, எல்ல. அந்த மாதங்களில் போவதென்றால் நான் சொல்வதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஆகஸ்டுக்கு ஊவாதான். 3 இரவும் பண்டாரவளையில் ஒரே வீட்டில் தங்குங்கள். உயரம் 1,200 மீற்றர் அளவு. குளிரும், ஆனால் பெரியவர்களை வாட்டாது. ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டி அவிழ்க்கும் வேலை இல்லை. எல்ல, ஹப்புத்தளை, பதுளை மூன்றும் அரை நாளில் போய்வரும் தூரம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் ஊவாவில் காற்று பலம். ஹப்புத்தளைக் கணவாயில் நிற்கும்போது பிள்ளையின் கையை விடாதீர்கள். யூக்கலிப்டஸ் மரத்தடியில் வேனை நிறுத்த வேண்டாம், கொப்பு முறியும். மானாப்புல் காய்ந்து கிடக்கும் காலம். ஒரு சிகரெட் துண்டு போதும், மலையே எரியும்.

தலவாக்கலை மழை (நுவரெலியா மாவட்டம்)

ஊவாக்காற்று சொன்ன மழைக் கணக்கு சரி. ஆனால் நுவரெலியாவைக் கழற்றி விடுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். முதல் தடவை மலைக்கு வரும் பிள்ளைக்கு நுவரெலியா என்ற பேர்தான் மலை. ஆகஸ்டில் அங்கே பெய்வது பெரும்பாலும் தூறல், நாள் முழுவதும் அடைமழை என்று நினைக்க வேண்டாம்.

பண்டாரவளையிலிருந்து வெலிமடை, ஹக்கல வழியாக ஒரு பகல் போய் வரட்டும். சுமார் 50 கிலோமீற்றர், ஒரு பக்கம் 2 மணித்தியாலம். காலை 7 மணிக்குப் புறப்பட்டால் முதலில் ஹக்கல தாவரவியல் பூங்கா. 1861இல் சிங்கோனா வளர்ப்பதற்காகத் தொடங்கிய தோட்டம். முழங்கால் வருத்தக்காரர் கீழ்ப் பகுதியிலேயே நின்று பார்க்கலாம், மேலே ஏறினால் படியும் சரிவும். அடுத்தது சீதாஎலிய அம்மன் கோயில், வீதியோரத்திலேயே இருக்கிறது. மறுபடி நுவரெலியா நகரம், கிறகரி வாவி. மழை வலுக்கும் பின்னேரத்துக்கு முன், 3 மணிக்கு இறங்கத் தொடங்கலாம்.

நானுஓயாப் பக்கம் போவதானால் ராதெல்லைக் குறுக்குப் பாதையை மட்டும் தொடாதீர்கள். கூகுள் வரைபடம் அதைக் குறுகிய வழி என்று காட்டும். 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் மோதி உயிர்கள் போன செங்குத்து இறக்கம் அது.

ஊவாக்காற்று (பண்டாரவளை)

ஒரு பகல் போய்வருவதென்றால் எனக்கும் சம்மதம். இரவு தங்க வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

நன்றி. கண்டியை விட்டுவிடுகிறேன். ஹோர்ட்டன் சமவெளி?

மருந்துப்பெட்டி (பதுளை)

உங்கள் குடும்பத்துக்கு இந்த முறை வேண்டாம். சுற்றுப் பாதை 9 கிலோமீற்றருக்கு மேல், தரை 2,100 மீற்றருக்கு மேலே. நடைபாதையில் கடை இல்லை. உலக முடிவு என்ற செங்குத்து விளிம்பு கிட்டத்தட்ட 870 மீற்றர் விழுகிறது. 3 வயதுப் பிள்ளையை நடக்கவிடும் இடம் அல்ல. காலை 6 மணிக்கு வாசலில் நின்றால்தான் 9, 10 மணிக்குப் பனிமூட்டம் ஏறுவதற்குள் விளிம்புக்குப் போகலாம். ஆகஸ்டில் அதுவும் உறுதியில்லை, காலையிலிருந்தே மூடியிருக்கக்கூடும். ஆஸ்துமாக்காரருக்கு விடியற்காலைக் குளிர்க் காற்றும் ஏற்றமும் சேர்ந்தால் இழுப்பு வரும்.

14 வயதுப் பிள்ளையும் மச்சானும் கட்டாயம் போக வேண்டும் என்றால் இருவர் மட்டும் ஒரு ஜீப்பில் ஒஹியப் பக்கத்தால் ஏறட்டும். வாசலில் பையைச் சோதித்துப் பொலித்தீன் உறைகளைக் கழற்றிவிடுவார்கள். சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள். மரை கிட்ட வந்தாலும் எதையும் ஊட்ட வேண்டாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் டொலர் கணக்கில். மச்சானுக்கு இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் இலங்கை அடையாள அட்டையைக் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு அதே மாதிரிக் காட்சியை லிப்டன் சீற் தரும். ஹப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலை, அதிலிருந்து சுமார் 7 கிலோமீற்றர் தோட்டப் பாதை. ஒடுக்கம், எதிரே வாகனம் வந்தால் ஒருவர் பின்னுக்கு எடுக்க வேண்டும். வேனைத் தொழிற்சாலையடியில் விட்டுவிட்டு 3 த்ரீவீல் பிடியுங்கள். ஏற முன்னமே போக்குவரவுக்கும் காத்திருப்புக்கும் சேர்த்து விலை பேசி முடியுங்கள். 8 மணிக்கு முன் மேலே நிற்க வேண்டும்.

இறங்கி வரும்போது அடிசம் பங்களா. 1931இல் கட்டியது, இப்போது துறவிகளின் மடம். வார இறுதி, போயா, பள்ளி விடுமுறை நாட்களில் திறப்பார்கள். பெரியவர்களுக்கு அந்தத் தோட்டமும் பழ ஜாமும் பிடிக்கும்.

கைகாட்டி (ஹப்புத்தளை)

கோச்சி விடயம் நான் சொல்கிறேன். முதலில் ஒன்று: 2025 நவம்பர் டிட்வா புயலில் மலையகப் பாதை பல இடங்களில் உடைந்தது. புறப்படும் வாரத்தில் எந்த ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று பண்டாரவளை நிலையத்தில் விசாரித்துவிட்டு மட்டும் திட்டத்தை உறுதி செய்யுங்கள். 1919 அரச தகவல் இலக்கத்திலும் கேட்கலாம்.

ஓடுகிறது என்றால், நீண்ட பயணம் வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளை 6, 7 மணித்தியாலம் இருக்காது. உங்களுக்கு வேண்டியது இரண்டு துண்டு.

ஒன்று, இதல்கஸ்ஹின்னவுக்கும் ஹப்புத்தளைக்கும் இடையில். பாதை மலை முதுகில் போகிறது, இரண்டு பக்கமும் பள்ளம். எந்தப் பக்க இருக்கை என்று அடிபட வேண்டியதில்லை. மற்றது எல்லவிலிருந்து தெமோதரை தாண்டிப் பதுளை வரை. எல்ல கழிந்ததும் ஒன்பது வளைவுப் பாலம், 1921இல் முடிந்தது. அடுத்தது தெமோதரை வளையம்: ரயில் நிலையத்தைக் கடந்து, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்குக் கீழே உள்ள சுரங்கத்தால் வெளியே வருகிறது. கடும் சரிவைப் பெரிய எஞ்சினாலும் ஏற முடியாது என்பதால் உயர வித்தியாசத்தைத் தூரத்தில் கரைத்திருக்கிறார்கள். 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு தாளில் வரைந்து காட்டிவிட்டு ஏற்றுங்கள், ஜன்னலை விட்டு அசையமாட்டார்.

செய்முறை: எல்லவில் எல்லோரும் ஏற, சாரதி வெறும் வேனைப் பதுளை நிலையத்துக்குக் கொண்டு போகட்டும். ரயில் பிந்தினாலும் வேன் அங்கே நிற்கும். இவ்வளவு குறுகிய தூரத்துக்கு முன்பதிவு தேவையில்லை. மூன்றாம் வகுப்பு டிக்கெட் அன்றன்றே கவுண்டரில் கிடைக்கும். வார நாளாகப் பாருங்கள். பதுளையிலிருந்து வரும் ரயில் எல்லவை அடையும்போது நெரிசல் கடுமை. பதுளைக்குப் போகும் ரயில் எல்லவில் காலியாகும், ஏனென்றால் சுற்றுலாப் பயணிகளில் பாதிப் பேர் அங்கே இறங்கிவிடுவார்கள். இந்தத் திசையைச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

முன்பதிவு இருக்கை எடுப்பதானால் 30 நாளுக்கு முன் இணையத்தில் திறக்கும், கெதியாக முடிந்துவிடும். வேறு ஆள் விற்கும் டிக்கெட்டை வாங்காதீர்கள். டிக்கெட்டில் உள்ள அடையாள அட்டை இலக்கம் பயணியோடு ஒத்துவர வேண்டும்.

கதவில் தொங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டிக்கும் பாறைச் சுவருக்கும் இடையில் சில இடங்களில் ஒரு சாண் அளவுதான் இடைவெளி. 14 வயதுப் பிள்ளையிடம் போனைக் கையில் கட்டிக்கொண்டு ஜன்னலுக்குள்ளிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். ஒன்பது வளைவுப் பாலத்தில் நடக்கப் போனால் ரயில் வரும் சத்தம் கேட்பது பிந்தித்தான், ஒரு பக்கத்தில் சுரங்கம் இருப்பதால். பிள்ளைகளைப் பாலத்தில் ஏற்றாமல் மேலேயுள்ள தேநீர்க் கடைச் சரிவிலிருந்து பார்ப்பதே நல்லது.

முடக்கு (பசறை)

எல்லோரும் பார்க்கும் இடங்களைச் சொல்லிவிட்டீர்கள். வேனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மட்டக்களப்பு வேன் தரை வேன், சாரதிக்கும் அதே பழக்கம். ஆகவே இதை நிதானமாக வாசியுங்கள்.

வாடகை பேசும் அன்றே பாருங்கள். டயர்ப் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்; 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது. பூ நன்றாக இருந்தாலும் ஆறு ஏழு வருடம் தாண்டிய டயர் மலைக்கு வேண்டாம். பிரேக் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேளுங்கள், 2 வருடம் தாண்டியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதிதாக 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 பாகையிலேயே கொதிக்கும். கொதித்த எண்ணெயில் ஆவிக்குமிழ், குமிழ் அமுங்கும், மிதித்த பெடல் தரைக்குப் போகும், வண்டி நிற்காது. தரையில் இந்த எண்ணெயோடு வருடக் கணக்கில் ஓடலாம், ஒன்றும் தெரியாது. மலையில் ஒரே இறக்கத்தில் தெரியும்.

இறங்கும் விதி: ஏறிய கியரில் இறங்கு. ஓட்டோ கியரில் முதலில் ஓ.டி. (ஓவர்டிரைவ்) பட்டனை அணைக்க வேண்டும், கடும் சரிவில் 2 அல்லது எல். எஞ்சின் உறுமும், பயப்பட வேண்டியதில்லை, வேகத்தைப் பிடித்து வைப்பது அந்த உறுமல்தான். பிரேக்கை மெல்ல மிதித்தபடியே இறங்குவது தவறு. ஆறவே விடாமல் சூடேற்றுகிறீர்கள். அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள், திரும்பப் பிடியுங்கள். எரிபொருள் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போடுவது, எஞ்சினை அணைப்பது இரண்டையும் சாரதியிடம் நேரடியாகவே வேண்டாம் என்று சொல்லுங்கள். எஞ்சின் நின்றால் பிரேக் உதவியும் ஸ்டியரிங் உதவியும் சேர்ந்து போய்விடும்.

எரிந்த மணம் வந்தால் நிறுத்துங்கள். சில்லுக்குக் கல் வையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான பிரேக் தட்டு கோணும் அல்லது வெடிக்கும். அரை மணித்தியாலம் ஆறவிட்டு, ஓடத் தொடங்க முன் பெடலைப் பாருங்கள். பெடல் கல் மாதிரி இறுகி, வண்டி மட்டும் வழுக்கினால் பேட் கருகிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி இறங்கினால் எண்ணெய் கொதித்துவிட்டது. இரண்டாவது என்றால் அந்த வேனில் ஒரு அடியும் இறங்காதீர்கள், மெக்கானிக்கை அங்கே கூப்பிடுங்கள்.

உங்கள் வழியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. லுணுகலை தாண்டிப் பசறைக்கு ஏறும் பகுதி ஒடுக்கம். 2021 மார்ச்சில் பஸ் பள்ளத்தில் விழுந்தது பதின்மூன்றாம் மைல்கட்டையடியில். பகலில் கடவுங்கள், ஏறும் வாகனத்துக்கு முதலிடம் என்பதை எதிரே வருபவர் மதிப்பார் என்று நம்பி முடக்கில் நடுவீதியைப் பிடிக்க வேண்டாம், ஹோர்ன் அடித்து ஓரத்தால் எடுங்கள். மற்றது எல்ல–வெல்லவாய இறக்கம். எல்ல 1,041 மீற்றர், வெல்லவாய 200 மீற்றர் அளவு, அவ்வளவும் 27 கிலோமீற்றருக்குள். 2025 செப்டெம்பர் 4 இரவு பஸ் விழுந்து 15 பேர் இறந்த பாதை அதுதான். காலையில் இறங்குங்கள்.

கூரையில் பெட்டி கட்ட வேண்டாம். மேலே பாரம் ஏறினால் முடக்கில் வேன் சாயும், பிள்ளைகளுக்குச் சத்தியும் கூடும்.

மருந்துப்பெட்டி (பதுளை)

சத்தி என்றதும் சேர்க்கிறேன். புறப்பட ஒரு மணித்தியாலம் முன் இலேசான சாப்பாடு, பாணும் வாழைப்பழமும் போதும். வெறும் வயிறும் கூடாது, பால் மாவும் எண்ணெய் ரொட்டியும் கூடாது. சத்தி எடுக்கும் பிள்ளை நடு வரிசையில், முன் கண்ணாடி தெரியும்படி இருக்கட்டும். பின் வரிசை அதிகம் ஆடும். போன் பார்க்க விடாதீர்கள். மாத்திரை ஏறிய பின் கொடுத்துப் பயனில்லை, புறப்பட முன் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் போடும் பயண மாத்திரையை உடைத்து மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இரண்டு வயதுக்குள் புரோமெதசீன் கொடுக்கவே கூடாது.

அறையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டு முன்பணம் கட்டுங்கள். சுடுதண்ணீர் மின்சாரமா, சூரிய சக்தியா? சூரிய சக்தி என்றால் மூட்டமான நாளில் எட்டாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். அறையில் குளிர் போக்க என்ன வைத்திருக்கிறார்கள்? கரிச் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது ஆளைக் கொல்லும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை. தடித்த கம்பளி ஒன்று கூடக் கேளுங்கள், கரி வேண்டவே வேண்டாம். ஆஸ்துமாக்காரரின் பம்ப் பெட்டிக்குள் போகாமல் சட்டைப்பையில் இருக்கட்டும். அம்புலன்ஸ் 1990.

கொழுந்துக்கூடை (தெமோதரை)

தேயிலைத் தொழிற்சாலை பார்க்காமல் போகமாட்டீர்கள், அதனால் நாளைச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை போனால் உருட்டும் மெஷின் பெரும்பாலும் சும்மா நிற்கும். ஞாயிறு கொழுந்து எடுப்பதில்லை. எடுத்த கொழுந்தும் 12 மணித்தியாலத்துக்கு மேல் வாட்டிய பிறகுதான் உருட்டுக்கு வரும். செவ்வாய் முதல் சனி வரை காலையில் போங்கள், வாட்டல், உருட்டல், பதமாக்கல், அடுப்பு, சலிப்பு எல்லாம் ஓடும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு உச்ச தரக் காலம். அந்தக் காற்றும் காய்ந்த வெயிலும்தான் காரணம். வீட்டுக்கு வாங்குவதானால் அந்தப் பருவத்து பி.ஓ.பி. (உடைந்த இலை வகை) கேளுங்கள், பால் தேநீருக்கு என்றால் அதைவிடச் சின்னத் துகளான பி.ஓ.பி.எஃப்.

மலையில் கொழுந்து எடுப்பவர்களைப் படம் பிடிக்க முன் கேளுங்கள். அவர்கள் நிறைக் கணக்கில் சம்பளம் ஓடும் நேரத்தில் நிற்கிறார்கள். கூடையை வாங்கித் தோளில் போட்டுப் பார்க்கும் விளையாட்டு அவர்கள் நேரத்தை எடுக்கும். நம்மட மொழி பேசுகிறவர்கள். இரண்டு வார்த்தை மரியாதையாகப் பேசிவிட்டு எடுங்கள். லயத்துக்குள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) யாரும் கூப்பிடாமல் நுழைய வேண்டாம்.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

எவ்வளவு விளக்கம், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பண்டாரவளையில் வீடு பார்க்கிறேன், சமையலறையோடு. மழை, மண்சரிவு பற்றி எங்கே பார்ப்பது? நாலாம் நாள் வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில் வழியாகத் திரும்பலாமா?

தலவாக்கலை மழை (நுவரெலியா மாவட்டம்)

மண்சரிவு எச்சரிக்கை விடுவது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். மூன்று படி: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை கடந்தால் மஞ்சள், 100 கடந்தால் செம்மஞ்சள், 150 கடந்தால் சிவப்பு, சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். மஞ்சள் வந்த பிரதேசத்தின் ஊடாக இரவில் ஓடாதீர்கள். வீதியில் புதுச் சேறு, சாய்ந்த மரம், தெளிந்து வந்த ஊற்று திடீரென்று கலங்குவது இவை கண்டால் திரும்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

அருவியிலும் அப்படித்தான். இராவணன் அருவியில் உங்கள் தலைக்கு மேல் வெயில் இருக்கும், மேலே மழை பெய்திருக்கும். தண்ணீர் பழுப்பாகி இலை சருகு வரத் தொடங்கினால் படம் எடுத்துக்கொண்டு நிற்க நேரமில்லை. பிள்ளைகளை வீதியோரத்திலேயே வைத்துப் பாருங்கள், பாறையில் ஏற்ற வேண்டாம்.

சமையல் என்றபடியால்: உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், பண்டாரவளையில் 96 பாகை அளவு. பருப்பும் கடலையும் இலேசில் வேகாது. குக்கர் ஒன்று கொண்டு வாருங்கள்.

முடக்கு (பசறை)

பொத்துவில் வழி நல்லது, வெல்லவாய தாண்டினால் பெரிய இறக்கம் இல்லை. ஆனால் சியம்பலாண்டுவவுக்கும் பொத்துவிலுக்கும் இடையில் லாகுகல. ஆகஸ்டில் மற்றக் குளங்கள் வற்ற, யானைகள் லாகுகல குளத்தடிக்குக் கூடும். பின்னேரம் 4 மணிக்கு முன் அந்தக் காட்டைக் கடந்துவிடுங்கள். வீதியில் யானை நின்றால் ஹோர்ன் வேண்டாம், லைட்டைப் பளிச்சிட வேண்டாம், நூறு மீற்றர் தள்ளி எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருங்கள். அப்படியானால் எல்லவை விட்டு 9 மணிக்குள் இறங்க வேண்டும். நாலாம் நாள் காலையில் புதிதாக எந்த இடமும் போடாதீர்கள்.

இன்னும் ஒன்று. வீடு பேசும்போது சாரதிக்கு அறை உண்டா, கட்டிலும் கம்பளியும் சுடுதண்ணீரும் உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் டிரைவர் ரூம் என்று காட்டுவது சாமான் அறையில் ஒரு பாய். இல்லாவிட்டால் அவர் வேனுக்குள் குளிரில் முடங்கிக் கிடந்து, விடிய உங்கள் எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு இறங்குவார். பக்கத்தில் ஒரு சின்ன லொட்ஜ் அறைக்குக் கொடுக்கும் காசை வாடகைக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. சாரதி அறையோடு ஒன்பது பேருக்கு என்று கேட்கிறேன்.